வாத்தை ஒளிப்பவர்

"ஐயா, நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் பாக்கலைன்னு சொல்லக் கூடாது" என்று ஒன்பது மாதமே நிறைந்த ஒருவரிடம் கறாராகச் சொல்லிவிட்டு, செக்கர் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை எடுத்து நீலத் துணிக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியும் இருந்தது. அதன் அடியில் ஒன்றும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம், அம்மாவின் மடியில் வீற்றிருந்த ஐயா எச்சில் வடியப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்கர் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினார். எண்ணி முடித்ததும் இரண்டு துணிகளும் இருந்த தட்டை முன்னால் நகர்த்தினார். ஐயா நீலத் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். வாத்து இருந்தது. அதன் தலை அடுத்த கணம் அவர் வாய்க்குள் இருந்தது.

"பிரமாதம். ரொம்ப நன்றிங்க" என்றார் செக்கர்.

பொருளைச் செய்கிறவர்கள், சுமக்கிறவர்கள், விற்கிறவர்கள், தொலைத்துவிட்டு மனு எழுதுகிறவர்கள் என்று உலகத்தில் எத்தனையோ உத்தியோகஸ்தர்கள் உண்டு. ஒரு பொருளை, பார்த்துக்கொண்டிருக்கிறவரின் கண்ணெதிரிலேயே ஒளித்து வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அந்தக் கட்டடத்தில் செக்கர் ஒருவர்தான். பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கட்டடம், முதல் மாடி, படியேறியதும் இடது கைப் பக்கம். கதவில் 'குழந்தை அறிவு வளர்ச்சி ஆய்வுக்கூடம்' என்று பலகை. ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடிக் குழாய்களையும் குபுகுபுவென்று புகையையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். உள்ளே ஒரு தாழ்வான மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சாம்பல் நிறத் திரை, முக்காலியில் ஒரு கேமரா. சுவரில் படம் கிடையாது. கடிகாரத்தைக்கூடக் கழற்றிவிட்டார்கள், எட்டு மாதக்காரர் ஒருவர் ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்காமல் அதன் விநாடி முள்ளையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாராம். கூடத்தின் தலைவி ஒரு டாக்டர். ஊசி போடாத டாக்டர். இது தெரியாமல் முதல் தடவை வரும் அம்மாக்களில் பாதிப் பேர் உள்ளே நுழைந்ததுமே குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டிவிடுவார்கள்.

செக்கருக்கு வயது அறுபத்திரண்டு. மெலிந்த உடம்பு, நீண்ட மோவாய், நிறமே இல்லாத ஒரு சட்டை. இந்தப் பதவிக்காக அவர் செய்த தியாகங்களில் தலையாயது மீசை. முப்பது வருஷத்து மீசை. முதல் வாரத்தில் அதைப் பார்த்து மூன்று பேர் அழுதார்கள். ஒருவர் பிடித்துத் தொங்கினார். மறுநாள் மழித்துக்கொண்டு வந்தார். வாத்துகள் மொத்தம் ஏழு. ஒருவர் சப்பியதை இன்னொருவர் சப்பக் கூடாதென்பதால். மதியம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னல் ஓரத்தில் ஒரே திசையைப் பார்க்க வரிசையாகக் காய வைப்பார். துப்புரவுக்கு வரும் பெண், "என்ன சார், உங்க ஸ்டாஃபெல்லாம் குளிச்சாச்சா?" என்பாள். "ஒருத்தருக்கு மூக்கு இன்னும் ஈரம்" என்பார் செக்கர், துடைத்துக்கொண்டே.

பெயர் வந்த விதம் எளியது. முப்பது வருஷம் அவர் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, 'பொறுமையும் சுத்தமான கைகளும் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தார். முன்பு மனிதர்கள் ஒளித்ததைக் கண்டுபிடித்தவர் இப்போது மனிதர்கள் கண்டுபிடிப்பதற்காக ஒளிக்கிறார். இதில் என்ன வித்தியாசம் கண்டார் என்று டாக்டர் ஒரு தடவை கேட்டார்.

"நான் பஸ்ஸுல ஏறினா, அம்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்கம்மா. டிக்கெட் வெச்சிருக்கிறவங்களும் சேத்துத்தான். முப்பது வருஷமா நான் பாத்ததெல்லாம் காதும் பிடரியும். இவங்க அப்படி இல்லையே. மூஞ்சிக்கு நேரா பாக்கறாங்க. கண்ணை எடுக்கறதே இல்ல. அதுக்கு நன்றி சொல்லாம எப்படி?"

இதனால்தான் கைக்குழந்தைகள் அனைவரும் அவருக்கு நீங்கள், வாருங்கள், ஐயா, அம்மா. ஒருமையில் அவர் பேசுவது வாத்துகளிடம் மட்டுமே.

டாக்டர் 'வளர்ச்சி நிலைகள்' என்று எழுதுவதை செக்கர் 'ஸ்டாப்பிங்' என்பார். குழந்தை பஸ்ஸில் வருகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிங்காக நின்று நின்றுதான் வரும். முந்தி இறக்கிவிடவும் முடியாது, தள்ளி ஏற்றவும் முடியாது. ஐந்து மாதத்து ஸ்டாப்பிங்கில் வாத்தை மூடினால் கதை முடிந்தது. துணியைத் தூக்க மாட்டார்கள், அழ மாட்டார்கள். வாத்தா, எந்த வாத்து என்பது போல ஒரு பார்வை. "பெரிய மகான்கள்மா இவங்க. போனதைப் பத்திக் கவலையே கிடையாது." எட்டு மாதத்தில் அந்த ஞானம் கலைந்துவிடுகிறது. மறைந்தாலும் இருக்கிறது என்று தெரிந்துபோகிறது, துணியை இழுக்கிறார்கள். ஒன்றரை வயதில் கைக்குள் மூடிக் கொண்டுபோய் எங்கே வைத்தாலும் துருவிவிடுவார்கள். இரண்டு வயதில் மரக்கட்டை டெலிபோன் ஆகிவிடும். அப்படி ஒரு அம்மாள் கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்புறம் பேசறேன், மீட்டிங்" என்று செக்கரையே வெளியே போகச் சொல்லிவிட்டார். நாலு வயதில்தான் பெரிய ஸ்டாப்பிங். அம்மா வெளியே போயிருக்கும்போது வாத்தை இடம் மாற்றிவிட்டு, திரும்பி வந்தால் அம்மா எங்கே தேடுவாள் என்று கேட்டால், பழைய இடத்தில் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். நமக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது புரிந்துவிட்டது. "அன்னியிலேருந்து டிக்கெட் எடுக்காம பஸ் ஏறத் தகுதி வந்தாச்சு" என்பது செக்கரின் ஆய்வு முடிவு.

நடுவில் ஒரு ஸ்டாப்பிங்கை விட்டாகிவிட்டது. இந்தக் கதையெல்லாம் அங்கேதான் நடந்தது.

ஒன்பது, பத்து மாதத்தில் ஒரு வினோதம் உண்டு. நீலத் துணிக்கு அடியில் மூன்று தடவை வாத்தை வைத்து எடுக்கப் பழக்கிவிட்டு, நான்காவது தடவை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புத் துணிக்கு அடியில் வைத்தால், குழந்தை நீலத்தையே போய் இழுக்கும். கண் பார்த்தது ஒன்று, கை போவது பழகின இடத்துக்கு. இதை ஏளனமாக நினைக்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி அலமாரி மேலே இருக்கிறது என்று மனைவி மூன்று தடவை சொன்ன பிறகும் டிவி பக்கத்திலேயே தடவிக்கொண்டிருக்கும் கணவன்மார்கள் எல்லோரும் அந்த ஸ்டாப்பிங்கில் இறங்கிய கூட்டம்தான்.

ஆனால் செக்கரின் மேசையில் எட்டு மாதமாக ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று குழந்தைகளில் முப்பத்தைந்து பேர் நான்காவது தடவை நேராகச் சிவப்புத் துணியைத் தூக்கினார்கள். டாக்டர் அவர்களுடைய தூக்கத்தை ஆராய்ந்தார், பாலை ஆராய்ந்தார், பிறந்த மாதத்தை ஆராய்ந்தார். காரணம் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டாலும் அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். மாதக் கடைசியில் அதை மேலிடம் படிக்கும். படித்துவிட்டுக் கூடத்தை இன்னும் மூன்று வருஷம் நடத்த விடலாமா, பூட்டிவிடலாமா என்று சொல்லும். செய்தி அம்மாக்கள் வரை கசிந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, தன் மகள் வயதுக்கு மீறின புத்திசாலி என்பதை இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் சேர்த்துக் கொடுத்து அனுப்பினாள். அந்த மகளை செக்கர் 'ஜட்ஜம்மா' என்பார். பத்து மாதம். யாரைப் பார்த்தாலும், இவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று யோசிப்பது போல உதட்டைக் குவித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை மதியம் செக்கருக்கு ஒரு சலுகை. வாரத்தின் பதிவுகளைக் கணினியில் போட்டுத் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். குழந்தை முகம் பார்ப்பதுதான் நோக்கம். அந்த வாரம் கேமராவின் முக்காலிக்கு ஒரு கால் உடைந்ததால், ஒரே ஒரு நாள் அதை அம்மாக்களின் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் வைத்திருந்தார்கள். அதனால் படத்தில் ஜட்ஜம்மாவின் முகம் தெரியவில்லை; பின்னந்தலைதான் தெரிந்தது. அதற்கு அப்பால், மேசையின் மறுபக்கத்தில், ஒரு மெலிந்த ஆள் தெரிந்தார்.

செக்கர் வேலையிலிருந்த காலத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரே பாடம்தான் நடத்துவார். "கையைப் பாக்காதே, கண்ணைப் பாரு. டிக்கெட் இல்லாதவன் பாக்கெட்டைத் தடவுவான், பையைக் கொட்டுவான். கண்ணு மட்டும் படிக்கட்டையே பாக்கும்."

திரையில் இருந்த ஆளின் கைகள் யோக்கியமாக மேசைமேல் கிடந்தன. உதடு ஐந்து எண்ணிக்கொண்டிருந்தது. கண்கள் சிவப்புத் துணிக்குப் போயின. குழந்தையைப் பார்த்தன, மறுபடி சிவப்புக்குப் போயின. அவற்றோடு சேர்ந்து அந்த நீண்ட மோவாயும் ஒரு நூல் அளவு திரும்பியது. பின்னந்தலையும் அதே பக்கம் ஒரு நூல் அளவு திரும்பியது. சிவப்புத் துணி தூக்கப்பட்டது.

"இறங்குய்யா கீழே" என்றார் செக்கர், தன்னையறியாமல்.

வீட்டில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். செக்கர் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் எதையாவது ஒளிச்சு வெச்சா உனக்குத் தெரியுமா?"

"எதை? மிட்டாய் டப்பாவையா? அரிசி டின்னுக்குப் பின்னால."

செக்கருக்குச் சர்க்கரை வியாதி. டப்பாவை அங்கே வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"எப்படித் தெரியும்?"

"சமையல்கட்டுக்குள்ள வந்ததும் முதல்ல அங்கதானே பாக்கறீங்க. கல்யாணமான நாள்லேருந்து இதே கதைதான். நான் ஒரு பொருளைத் தேடினதே இல்ல. உங்களை ரூமுக்குள்ள அனுப்பிட்டுப் பின்னாலேயே வருவேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா உஷாராயிடுவீங்களே. எனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

செக்கர் விஷயத்தைச் சொன்னார். முப்பத்தைந்து குழந்தைகளின் அறிவுக்கும் காரணம் இந்தக் கழுத்துக்கு மேலே இருக்கிற இரண்டு கண்கள்தான் என்றார். சொன்னால் அறிக்கை போச்சு, ஒருவேளை கூடமே போச்சு, தன் நாற்காலி நிச்சயம் போச்சு.

"சொல்லலைன்னா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒரு நாளைத் தவிர, கேமரா என் முதுகுப் பக்கம்தான் இருந்துச்சு."

"அப்ப சொல்லாதீங்க." ஒரு பட்டாணி உருண்டு ஓடியது; அவள் பாதத்தால் நிறுத்தினாள். "ஆனா திங்கக்கிழமை அந்தம்மா முன்னால போய் நிப்பீங்களே, அப்ப கண்ணை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவீங்க?"

திங்கட்கிழமை காலை, வாத்துகளைக்கூட எடுத்து வைக்காமல், செக்கர் டாக்டரின் மேசை முன்னால் நின்றார்.

"டாக்டரம்மா, நம்ம கூடத்துல ஒரு ஆளு எட்டு மாசமா டிக்கெட் இல்லாம போயிட்டிருக்கான்."

"யாரு செக்கர் சார்?"

"நான்தான்மா."

டாக்டர் அந்தப் பதிவை நான்கு தடவை பார்த்தார். ஐந்தாவது தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வயதில் அவர் செக்கரின் மகளாக இருக்கலாம். அந்த நேரத்தில் செக்கரைவிடக் கிழடாகத் தெரிந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சேம்மா."

"எட்டு மாசம், செக்கர் சார். எட்டு மாசம்."

"ஆமாம்மா."

மூன்று நாள் கூடத்துக்குக் குழந்தைகள் வரவில்லை. செக்கர் வந்தார். போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை என்பதால், சுத்தமாக இருந்த வாத்துகளை எடுத்துக் கழுவினார். காய வைத்தார். காய்ந்ததும் மறுபடி கழுவினார். துப்புரவுப் பெண், "ஸ்டாஃபுக்கு ஜலதோஷம் பிடிக்கப் போகுது சார்" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். கொண்டையில் பேனா ஒன்று செருகியிருந்தது, காதில் இன்னொன்று.

"சார், உட்காருங்க. ஒன்பது மாசக் குழந்தை. பேசத் தெரியாது. கை பழகின இடத்துக்குப் போகணும்னு துடிக்குது. ஆனா எதிர்ல இருக்கற ஆளு எங்க பாக்கறாருன்னு கவனிக்குது. அவரை நம்புது. நம்பி, பழக்கத்தை விட்டுட்டு, சிவப்பைத் தூக்குது. நான் எட்டு மாசமா வாத்தையும் துணியையும் பாத்துட்டிருந்தேன். அவங்க உங்களைப் பாத்துட்டிருந்திருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "தேங்க்ஸ் சார்" என்றார்.

செக்கர் எழுந்து நின்றுவிட்டார். நன்றி சொல்லும் பக்கத்தில் அவருக்கு அனுபவம் அதிகம். வாங்கும் பக்கத்தில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

பழைய அறிக்கையை டாக்டர் தானே கிழித்தார். நடந்தது நடந்தபடி புதிதாக எழுதினார். அம்மாக்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் போன் போட்டு விவரம் சொன்னார். மருந்துக்கடைக்காரி மட்டும், "அப்ப என் பொண்ணு கெட்டிக்காரி இல்லையா?" என்று கேட்டாள். "கெட்டிக்காரிதாங்க, வேற விஷயத்துல" என்று டாக்டர் சொன்னதும், "எந்த விஷயம்னு எழுதிக் குடுங்க, கடையில கேப்பாங்க" என்றாள். மேலிடம் அறிக்கையைப் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தது. மூன்று வருஷம் கேட்டதற்கு ஒரு வருஷம் கொடுத்தது.

புதிய சோதனை இதுதான். பாதித் தடவைகளில் செக்கர் வழக்கம்போல் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கலாம். மீதித் தடவைகளில், நான்காம் முறை வாத்தை ஒளித்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து டாக்டர் மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாது. குழந்தை எதைத் தூக்குகிறது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

"ஒரே ஒரு தடவை திறந்தாலும் அந்தப் பதிவு குப்பைதான் சார். நமக்கு இருக்கறது ஒரே வருஷம். உங்களால முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளை உட்கார வைக்கறேன். எனக்கு உங்க மேல கோபமெல்லாம் இல்ல."

"முடியும்மா" என்றார் செக்கர். முடியுமா என்று அவருக்குத் தெரியாது. கிடைக்காத வாத்தைத் தேடும் முகத்துக்கு முன்னால் அவர் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடச் சும்மா இருந்ததில்லை என்பதற்குத்தான் முப்பத்தைந்து பேர் சாட்சி இருக்கிறார்களே. அந்த வாரம் முழுக்க வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மனைவி எதிரில் உட்கார்ந்து, "தண்ணி எங்க இருக்கு சொல்லுங்க, பாப்போம்" என்று டம்ளரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை திறந்துவிட்டார். மூன்றாம் தடவை திறக்கவில்லை, தண்ணீரைக் கொட்டினார்.

கண் மூடும் சோதனைக்கு முதல் ஆளாக வந்தது ஜட்ஜம்மா.

நீலத்தில் மூன்று தடவையும் குறையில்லாமல் நடந்தது. நான்காவது தடவை செக்கர் வாத்தை எடுத்துக் காட்டினார். "அம்மா, பாத்துக்கங்க." சிவப்புத் துணிக்கு அடியில் வைத்தார். கைகளை மேசைமேல் பரப்பினார். கண்களை மூடினார். ஐந்து எண்ணித் தட்டைத் தள்ளினார்.

துணி சரசரத்தது. எந்தத் துணி என்று தெரியவில்லை. வாத்தின் கீச்சுச் சத்தம் கேட்கவில்லை. பிறகு எதுவுமே கேட்கவில்லை. மணியும் அடிக்கவில்லை. அந்தச் சின்ன முகம் இந்நேரம் உதட்டைக் குவித்துத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று செக்கருக்குத் தெரிந்தது. மூடிய இமைகளுக்குள் விழிகள் தவித்தன. தாடையை இறுக்கிக்கொண்டார்.

"ஏய், ஏய், எங்க போறே?" என்று மருந்துக்கடைக்காரி கிசுகிசுத்தாள்.

மேசைமேல் பொத்து பொத்தென்று இரண்டு உள்ளங்கைகள் விழுந்தன. முழங்கால்கள் உரசின. தட்டு நகர்ந்தது. பால் வாசனையோடு சூடான மூச்சு ஒன்று செக்கரின் மூக்கில் பட்டது. ஈரமான ஒரு விரல் அவர் கன்னத்தைத் தொட்டது, புருவத்துக்குப் போனது, வழுக்கி இறங்கி வலது இமையில் நின்றது. அதை மேலே தள்ளிப் பார்த்தது. "அ?" என்று கேட்டது. பதில் வராததால் எட்டி, இன்னொரு கையையும் கொண்டுவரப் பார்த்து, எட்டாமல் தடுமாறியது.

மணி இன்னும் அடிக்கவில்லை. செக்கர் இமைகளைத் திறக்கவில்லை. குழந்தை எக்கிக்கொண்டு சிரமப்பட வேண்டாம் என்று, மெதுவாக முன்னால் சாய்ந்து, அதன் இரண்டு கைகளுக்கும் எட்டும்படி தலையைத் தாழ்த்திக் கொடுத்தார்.